அண்ணாச்சி ரயிலேற்றிய ஸ்கூட்டர்

நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம். தி. நகர் ஜவுளிக்கடையில் ஃபால்ஸ் தைத்து முடித்த புடவைகளைக் கொடுப்பதற்காக மாடி ஏறியிருந்தேன். குழந்தைத் துணிகள் இருக்கிற பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கூட வந்த சின்னப் பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அவள் ஒரு கவுனை எடுத்துப் பார்த்தாள், மடித்தாள், மறுபடி விரித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கவுன் மேசை மேல் இல்லை.

என் கண்ணிலேயே பட்டது என்றால் மாணிக்கவாசகம் அண்ணாச்சி கண்ணில் படாமல் போகுமா? அந்த மாடியில் துணி திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. யா அல்லாஹ், அந்தப் பிள்ளை முன்னாடி எதுவும் நடந்துவிட வேண்டாம் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி மெதுவாக நடந்து போனார். கலைந்து கிடந்த துணியை அடுக்குகிற மாதிரி குனிந்தார். "தாயி, கவுன் ஒண்ணு கை தவறி உன் பைக்குள்ள விழுந்துட்டு. எடுத்து மேல வச்சிரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்றார். அவளுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும்தான் கேட்டது. சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் திரும்பியபோது கவுன் மேசை மேல் இருந்தது. அந்தப் பெண் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். இதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை, என்னிடமும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அவருடைய சந்தேக புத்தியைப் பற்றித்தான். இப்படியும் ஒரு மனுஷனா என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். மீசை அரும்புகிற வயசில் மெட்ராசுக்கு வந்து புடவை மடிக்கிற வேலையில் சேர்ந்தார். மடித்துக்கொண்டே இரண்டு மூன்று தரம் துணி திருடின ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். "இவன் கண்ணு புடவையில இல்ல, அடுத்தவன் கையில இருக்கு" என்று முதலாளி அவரை மாடியில் காவலுக்கு நிற்க வைத்தார். கேமரா வந்த பிறகும் அவரை அங்கிருந்து எடுக்கவில்லை. "கேமரா முகத்தைக் காட்டும் பாய். முகம் பொய் சொல்லும். கைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். அதனால் யாரோடு பேசினாலும் அவர் பார்வை முகத்தில் நிற்காது, கையிலேயே இருக்கும். புதுசாகப் பேசுகிறவர்கள் விரலில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொள்வார்கள்.

கடையை ஒட்டின சந்தில்தான் என் தையல் மிஷின். புடவைக்கு ஃபால்ஸ், பீகோ, ரவிக்கை எல்லாம் தைப்பேன். வலியுல்லா பாய் என்றால் அந்தச் சந்தில் தெரியும். எனக்குத் தைக்கக் கொடுக்கிற ஒவ்வொரு புடவையிலும் அண்ணாச்சி ஓரத்தில் ரகசியமாக ஒரு நூல் முடிச்சுப் போட்டுத்தான் அனுப்புவார். நான் மாற்றிவிடுவேனாம். எனக்குக் கோபம் வந்ததில்லை. முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் நானும் ஒரு முடிச்சுப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது.

மயிலாப்பூர் கோயிலுக்குப் போனால் வலது செருப்பை ஒரு வாசலிலும் இடது செருப்பை இன்னொரு வாசலிலும் விடுவார். "ஒத்தச் செருப்பை எவன்வே திருடுவான்?" என்பார். சாமி கும்பிட்ட நேரத்தை விட, ஒரு காலில் செருப்போடு இன்னொரு செருப்பைத் தேடி மாடவீதியைச் சுற்றின நேரம் அதிகமாக இருக்கும். டீக்கடையில் டீக்காரர் கையைப் பார்ப்பார். மந்தைவெளியில் அவர் குடியிருந்த வீட்டில் பால்காரர் கையைப் பார்ப்பார். அவர் வீட்டம்மா மீனாட்சி அக்கா ஒரு நாள் என்னிடம், "எனக்குத் தாலி கட்டுதப்பவும் இவுக ஐயர் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாவ அண்ணே" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அவரு மஞ்சக்கயித்துல முடிச்சைச் சரியாப் போடச் சொல்லுதாரான்னு பாத்தேன்" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளைச் சந்தேகப்படாமல் விட்டார். அது அவர் மருமகன் வெங்கடேஷ்.

கே.கே. நகரில் வீடு, நல்ல வேலை, எப்போதும் சிரித்த முகம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே "மாமா, மாமா" என்று அவர் பின்னாலேயே சுற்றினான். ஒரே மகள் ஷண்முகப்ரியாவை அவனுக்குக் கொடுத்தார். அவள் ஓட்டிக்கொண்டு போக, அவள் பேரிலேயே ஒரு ஸ்கூட்டரும் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு சித்திரை மாதம், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிற வெயிலில், அந்தப் பெண் முழுக்கை ரவிக்கை தைக்கச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண்களுக்கு அளவெடுப்பது என் வீட்டம்மா ஹாஜிரா பீதான். உள்ளே கூட்டிப்போய்க் கையைத் தூக்கச் சொன்னாள். பிறகு டேப்பைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அளவு வேணாங்க. அவங்க அப்பாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

அண்ணாச்சியிடம் சொன்னது நான்தான். என் மிஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல உள்ள கையெல்லாம் பாத்தேன் பாய். அவன் ஒருத்தன் முகத்தை மட்டும் பாத்துட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய சந்தேகத்துக்கு எல்லையே இல்லாமல் போயிற்று.

ஷண்முகப்ரியா அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளிர் காவல் நிலையத்தில் பேசி அவளுடைய சாமான்களையும் ஸ்கூட்டரையும் திரும்ப வாங்கினார்கள். வண்டி எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். வெங்கடேஷ் கேட்டில் சாய்ந்துகொண்டு, அதே சிரிப்போடு, "எடுத்துக்கினு போங்க மாமா. அது எவ்ளோ தூரம் போவுதுன்னு நானும் பாக்குறேன்" என்றான். அண்ணாச்சி இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையில் ஒரு போன் இருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வருஷம் திருநெல்வேலிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஷண்முகப்ரியாவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பெரியம்மா வீட்டில் தங்கிக்கொண்டு போய் வரலாம். ஆனால் பெரியம்மா வீட்டிலிருந்து போகிற பஸ், பள்ளியில் முதல் மணி அடித்த பிறகுதான் அந்த ஊரைத் தொடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த தலைமை ஆசிரியை, "திங்கக்கிழமைல இருந்து மணி அடிக்கும்போது கிளாஸ்ல இருக்கணும்மா. முடியலைன்னா சொல்லிருங்க, வேற ஆள் பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டாராம். அந்தத் திங்கட்கிழமைக்குள் ஸ்கூட்டர் அவள் கைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாமல் திரும்பி வந்தால், கே.கே. நகர்க்காரர்கள் சமாதானம் பேச வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணாச்சிக்கு இது தெரியும். வெங்கடேஷுக்கும் தெரியும் என்று அவர் நினைத்தார்.

"லாரியில போட்டா அது எங்க போவுது, எவன் கையில இருக்குன்னு தெரியாது" என்றார். "ரயில்ல நாம போற வண்டியிலேயே லக்கேஜா போட்டா கூடவே வரும்." சனிக்கிழமை காலையில் எழும்பூரில் கிளம்புகிற பகல் வண்டியில் டிக்கெட் எடுத்தார். திருநெல்வேலி தாண்டி நாகர்கோவில், கேரளா என்று போகிற வண்டி அது. எனக்கும் மேலப்பாளையத்தில் மச்சினன் வீட்டு விசேஷம் இருந்தது. துணைக்கு நானும் சேர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே வீட்டில் ட்யூப் போட்டு பெட்ரோலை அவரே இறக்கிவிட்டார். ரயிலில் ஏற்றுகிற வண்டியில் சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. எழும்பூரில் போய் இறக்கினால் வண்டியைக் கோணியில் கட்டுகிறவன் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்வானாம். அதனால் மந்தைவெளியிலிருந்து எழும்பூருக்குச் சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆர்.சி. நகல், மகளுடைய ஆதார் நகல், டிக்கெட் எல்லாம் ஒரு பாலிதீன் உறையில் போட்டு, உறையைச் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்திருந்தார்.

பார்சல் ஆபீஸ் வாசலில் வண்டி கட்டுகிறவர் பேர் ஜவஹர். கண்ணாடியைக் கழற்றி, ஹேண்டிலுக்கு வைக்கோல் வைத்து, கோணியைச் சுற்றி, கோணி ஊசியால் சணல் போட்டு இழுத்துத் தைத்தார். அண்ணாச்சி அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்துகொண்டே நின்றார்.

"இன்னா நைனா, வண்டியக் கட்டச் சொல்றியா, உன்னிய சேத்துக் கட்டச் சொல்றியா? தள்ளி நில்லு."

"நீரு கட்டும்வே. நான் பாக்கத்தான் செய்வேன்."

"பாரு, பாரு. இப்டி குந்திக்கினு பாத்துக்கினே இருந்தா எனுக்கே டவுட்டு வருது, நான் திருடனோன்னு." ஜவஹர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாய், இவரு உங்களுக்கு இன்னா வேணும்? வூட்ல எப்டி வச்சிக்கினு கீறாங்க?"

கட்டி முடித்ததும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார். எங்கிருந்து, எந்த ஊருக்கு, பேர், போன் நம்பர். ரயில்வே ஆள் வந்து ரசீது நம்பரையும் அதே அட்டையில் எழுதினார். அட்டையை ஹேண்டிலில் கட்டி, வண்டியை பிளாட்பாரத்தின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே அதே மாதிரி கோணி சுற்றின வண்டிகள் இன்னும் இரண்டு நின்றன. மூன்றையும் பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருந்தது.

அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். "பாய், ஊசி வச்சிருக்கீரா?"

சட்டைக் காலரில் எனக்கு எப்போதும் ஒரு ஊசியும் நூலும் இருக்கும்.

"இந்த அட்டையை அறுத்து, திருப்பி, கோணிக்குள்ள சொருகித் தச்சிரும். இது எந்த ஊருக்குப் போவுதுன்னு ஊருக்கே போஸ்டர் அடிச்சி ஒட்டியிருக்கான். மாப்பிள்ளை ஆள் ஒருத்தன் இதைப் படிச்சான்னா போதும். வழியில எந்த ஸ்டேஷன்லயும் இறக்கிருவான்."

"அண்ணாச்சி, அப்பால இறக்குறவங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான்தான் கூட வாரேன்லா? நான் காட்டுவேன். அடையாளத்துக்கு இது இருக்கு." பையிலிருந்து ஒரு துண்டு ஜரிகைக் கரையை எடுத்தார். அரக்கு நிறம். கிழிந்த பட்டில் வெட்டினது. எனக்கு அனுப்புகிற புடவையில் முடிச்சுப் போடுகிறவர்தானே! சீட்டுக்குக் கீழே யாருக்கும் தெரியாத இடத்தில் அதைத் தைக்கச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மகளுக்காக நடுங்கிக்கொண்டு நிற்கிற மனுஷனிடம் வாதாட வாய் வரவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லித் தைத்தேன். என் கத்தரியால் அட்டையை அறுத்து அவர் கையில் பிடித்துக்கொள்ள, நான் உள்ளே சொருகி நெருக்கமாகத் தையல் போட்டேன்.

தைத்து நிமிர்ந்தபோது அண்ணாச்சி என் முழங்கையைக் கிள்ளினார். "அந்தத் தூண்கிட்ட பாரும். ஊதாக் கட்டம் போட்ட சட்டை. அவன் கையைப் பாத்தீரா?"

வாட்டசாட்டமான ஒரு வாலிபன் தூணில் சாய்ந்து நின்றான். போனை மார்புக்கு நேராகப் பிடித்திருந்தான். நாங்கள் பார்த்ததும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் நடந்தான்.

"மாப்பிள்ளை ஆளு" என்றார் அண்ணாச்சி.

ரயில் கிளம்பியது. லக்கேஜ் பெட்டி கடைசியில். எங்கள் சீட்டு நடுவில். கூடவே வரும் என்றாரே தவிர, ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்கூட்டர் இருக்கிற திசையைக்கூடப் பார்க்க முடியவில்லை. செங்கல்பட்டு வந்ததும் அண்ணாச்சி இறங்கிப் பின்னால் ஓடினார். விசில் ஊதுகிற நேரம் மூச்சு வாங்க ஏறினார். "பெட்டி பூட்டியிருக்கு. ஆனா அவனும் அங்க நிக்கான்."

விழுப்புரத்தில் நானும் கூடப் போனேன். உண்மைதான். ஊதாச் சட்டை லக்கேஜ் பெட்டிக்கு எதிரே நின்றான். எங்களைக் கண்டதும் குழாயில் தண்ணீர் குடிக்கிற மாதிரி குனிந்தான். அண்ணாச்சியும் வேஷ்டியைச் சரி செய்கிற மாதிரி நின்றார். குழாயில் தண்ணீரே வரவில்லை. அவன் குடித்துக்கொண்டே இருந்தான்.

அதற்குமேல் எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. எதிர் சீட்டுக்காரர் பிஸ்கட் நீட்டினார். அண்ணாச்சி, "வேண்டாம், சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு என் காதில், "மயக்க மருந்து" என்றார். பாவம், அந்த ஆள் பிஸ்கட்டைத் தானே தின்று காட்டுகிற மாதிரி தின்றார். நான் மத்தியான லுஹர் தொழ உட்கார்ந்தபோது என் பையையும் அண்ணாச்சி தன் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அன்றைக்கு எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த வண்டி போய்ச் சேரட்டும் ரப்பே என்று மட்டும் கேட்டேன்.

திருச்சியில் லக்கேஜ் பெட்டியைத் திறந்து ஏதோ கூடைகளை இறக்கினார்கள். அண்ணாச்சி ஒரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊதாச் சட்டை மறு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே நின்றார்கள். கூடை தூக்குகிறவர், "கல்யாண வாசல்ல வாழை மரம் கட்டுன மாதிரி என்னய்யா ரெண்டு பேரும்? வழி விடுங்க" என்று சத்தம் போட்டார்.

மதுரை தாண்டியதும் ஒரு ரயில்வே போலீஸ்காரர் எங்கள் சீட்டுக்கு வந்தார்.

"பெரியவரே, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லக்கேஜ் பெட்டிகிட்ட என்ன வேலை உங்களுக்கு? ஒருத்தர் உங்க மேல புகார் சொல்லியிருக்காரு."

அண்ணாச்சி தூக்கைத் திறந்து, புளியோதரைத் தட்டைத் தூக்கி, அடித்தட்டிலிருந்து ரசீதை எடுத்தார். ரசீதிலும் புளிக்காய்ச்சல் வாசனை. போலீஸ்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க வண்டியா? நல்லது. அந்தத் தம்பியும் பைக் போட்டிருக்காராம். நாகர்கோவிலுக்கு. நீங்க அவர் பைக்கைத் திருட வந்திருக்கீங்கன்னு நினைச்சிட்டாரு. பேசாம உக்காருங்க."

அவர் போனதும் நான் பெருமூச்சு விட்டேன். "அல்ஹம்துலில்லாஹ். பாத்தீங்களா அண்ணாச்சி? அவரும் நம்பள மாதிரிதான்."

"போலீஸ்காரர் நம்பிட்டாரு. நான் நம்பணுமா? திருட வாரவன் 'நான் திருடன்'னா சொல்லுவான்? பைக் போட்டிருக்கேன்னுதான் சொல்லுவான். இப்ப பழியையும் என் மேல போட்டுட்டான் பாத்தீரா? விவரமான ஆளு."

விருதுநகரிலும் இறங்கினார். கோவில்பட்டியிலும் இறங்கினார்.

திருநெல்வேலி வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். ரயில் நிற்கும் முன்பே அண்ணாச்சி குதித்துவிட்டார். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். லக்கேஜ் பெட்டி திறந்திருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒவ்வொரு அட்டையாகப் படித்தார்.

"இது நாகர்கோவிலு. இதுவும் நாகர்கோவிலு. இதுல அட்டையே இல்லையே. எந்த ஊர்னு தெரியாம இதை இறக்க முடியாது."

"அது என் வண்டி! இறக்கும்வே!"

"ரசீது?"

ரசீதைக் கொடுத்தார்.

"சரி. இந்த நம்பர் வண்டியில எங்க இருக்கு?"

"உள்ள வச்சித் தச்சிருக்கு. அடையாளம் இருக்கு, சீட்டுக்கு அடியில பாரும். அரக்குல ஜரிகை."

அந்த ஆள் குனிந்து பார்த்தார். ஜரிகை மினுங்கியது. நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார். "ஜரிகையைப் பாத்து வண்டி குடுக்க முடியுமா அண்ணாச்சி? நாளைக்கு ஒருத்தி பட்டுச்சேலையே கட்டிக்கிட்டு வந்து இஞ்சினையே கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

நான் ஏறித் தையலைப் பிரிக்கப் பார்த்தேன். என் தையல் அது. அவ்வளவு சீக்கிரம் விடாது. கத்தரியை எழும்பூரில் எங்கோ வைத்துவிட்டேன். பல்லால் இழுத்தேன். நூல் வாயைக் கிழித்ததுதான் மிச்சம். எங்களைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு வந்திருந்த ஷண்முகப்ரியா பிளாட்பாரத்தில், "அப்பா, சிக்னல் விழுந்துட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அந்த ஆள் கதவில் கை வைத்துவிட்டார். அண்ணாச்சி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சாத்தாதீரும், என் பிள்ளை வண்டி, என் பிள்ளை வண்டி" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் ஊதாச் சட்டை வந்து சேர்ந்தான்.

"சார், இவங்களை நம்பாதீங்க! இவர் எழும்பூர்லயே ஒரு வண்டியோட அட்டையை அறுத்தாரு. இந்த பாய் ஊசி போட்டு உள்ள வச்சுத் தச்சாரு. கண்ணால பாத்தேன். போட்டோவே எடுத்து வச்சிருக்கேன்!"

போனை நீட்டினான். படத்தில் அண்ணாச்சியின் கை பெரிசாகத் தெரிந்தது. கையில் அறுத்த அட்டை. ஜவஹர் எழுதின பெரிய எழுத்தில் திருநெல்வேலி என்று ஊர். கீழே ரயில்வே ஆள் எழுதின நம்பர். பின்னால் கோணி வண்டி. அதன் சீட்டுக்கு அடியில் அரக்கு ஜரிகை ஒரு கீற்றாக.

டார்ச்சுக்காரர் போனையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்பரைப் பார்த்தார். ஜரிகையையும் ஒரு தரம் குனிந்து பார்த்தார். "இது இவரு வண்டிதாம்யா! ஏய், இறக்கு, இறக்கு!"

வண்டி பிளாட்பாரத்தில் வந்து விழாத குறையாக நின்றது. ரயில் நகரத் தொடங்கியிருந்தது. ஊதாச் சட்டைக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. திருடனைப் பிடித்துக் கொடுக்க வந்தவன், வண்டியைப் பிடித்துக் கொடுத்துவிட்டான். பக்கத்துப் பெட்டிக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டு, "சாரிங்க ஐயா!" என்று கத்தினான்.

அண்ணாச்சி அவன் பின்னால் நாலு எட்டு ஓடினார். "தம்பி, உம்ம பேரு என்னவே?"

"சேரன்!"

"எங்க கடைக்கு வேலைக்கு வந்துரும்வே! என் இடத்தைத் தாரேன்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெட்ரோல் சொட்டு இல்லாத வண்டியை நாங்கள் மூன்று பேரும் பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். ஷண்முகப்ரியா ஹேண்டிலைப் பிடித்தாள், நாங்கள் பின்னால் தள்ளினோம். "ஏம்ப்பா, அட்டை வெளிய இருந்தா அவங்களே இறக்கி வச்சிருப்பாங்களே" என்றாள். அண்ணாச்சி பங்கில் பெட்ரோல் போடுகிறவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் ஊர் திரும்புமுன் சொல்லிக்கொள்ளப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் கிளம்பி வாசலில் நின்றாள். அண்ணாச்சி பக்கத்து வீட்டு சைக்கிள் ஒன்றை வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

"அப்பா, பின்னால வராதீங்க."

"வரல. முக்கு வரைக்கும்தான்."

"முக்கு வரைக்கும் வேண்டாம். நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு ஓட்ட வராது."

அண்ணாச்சி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "சரி தாயி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்று சொல்லி வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்காமல் போகிற வரைக்கும் அவர் திரும்பவில்லை. காது மட்டும் அதன் பின்னாலேயே போயிருக்கும்.

அவள் அந்தப் பள்ளியிலேயே நிலைத்துவிட்டாள். வெங்கடேஷ் ஆள் அனுப்பினானா, அல்லது வாயால் சொன்னதோடு சரியா என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணாச்சியைக் கேட்டால், "அனுப்பியிருப்பான். அவன் ஆள் சேரனைப் பாத்துப் பயந்திருப்பான்" என்பார்.

பிறகு ஒரு நாள் அவரும் கடையை விட்டு நின்றார். மீனாட்சி அக்கா முன்னாலேயே மகளிடம் போய்விட்டார். மந்தைவெளி வீட்டைக் காலி செய்துவிட்டு, அதே பகல் வண்டியில் அண்ணாச்சி கிளம்பினார். நான் வழியனுப்ப எழும்பூருக்குப் போனேன். எங்களுக்குள் அதுதான் கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் சீட்டில் பையை வைத்துவிட்டு என்னோடு பேச பிளாட்பாரத்துக்கு இறங்கி வந்தார். வெறும் கையோடு. இத்தனை வருஷத்தில் அவர் பையைக் கண் மறைவில் விட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னா அண்ணாச்சி, பையை மேலயே வுட்டுட்டு வந்துட்டீங்க?"

ரயில் ஊதியது. அண்ணாச்சி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல அந்தக் கைகளைத்தான் பார்த்தார். பிறகு என்றைக்கும் இல்லாமல் என் முகத்தையும் பார்த்தார்.

"இருக்கட்டும் பாய். பக்கத்து சீட்டு அம்மா பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காவ. உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருக்காவ. அந்தக் கையை நல்லாப் பாத்துட்டுத்தான் இறங்கி வந்தேன்" என்றார்.